சென்னை–துபாய் விமான நேரம் 2.40 மணியா, 4 மணியா? காட்பாடியிலிருந்து அம்மாவைத் தனியாக அனுப்புகிறோம்

காட்பாடிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அம்மா முதல்முறையாக விமானம் ஏறப் போகிறார்கள், அதுவும் தனியாக. தங்கை துபாய் அல் நஹ்தாவில் இருக்கிறாள், பொங்கலுக்கு அங்கே வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது, காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், கணக்கே உதைக்கிறது.

டிக்கெட்டில் சென்னை காலை 10.00 புறப்பாடு, துபாய் 12.40 என்று இருக்கிறது. அப்படியானால் 2 மணி 40 நிமிடம். தூரம் காட்டும் ஓர் இணையதளத்தில் போட்டால் 3 மணி 45 நிமிடம் என்கிறது, விமான கம்பெனி பக்கத்தில் 4 மணி 10 நிமிடம் என்கிறது. தூரமும் அப்படியே, ஓர் இடத்தில் 1,820, இன்னோர் இடத்தில் 1,582, மூன்றாவது இடத்தில் 2,930. ஒரே இரண்டு ஊருக்கு இத்தனை தூரம் எப்படி வரும்? எதை நம்பி அம்மாவுக்கு நேரம் எழுதுவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேராவில்_ஒருவன்

வணக்கம் அண்ணா, நான் குடியாத்தம், இப்போது துபாய் தேராவில் வேலை. நீங்கள் பார்த்த மூன்று தூரமும் ஒன்றுதான், அளவுதான் வேறு. 2,930 கிலோமீட்டர். அதையே மைலில் சொன்னால் 1,820. விமானமும் கப்பலும் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் 1,582, ஏனென்றால் ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பல இணையதளங்களில் எண்ணுக்குப் பக்கத்தில் அளவைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள், போனில் பார்த்தால் கண்ணில் படாது.

இனி நேரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரம், சேரும் நேரம் துபாய்க் கடிகாரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சென்னையில் பத்து மணி என்றால் இங்கே எட்டரை. அதனால் 10.00-க்கு ஏறி 12.40-க்கு இறங்கினால், நம் ஊர்க் கணக்கில் அது பிற்பகல் 2.10. ஆக 4 மணி 10 நிமிடம். கம்பெனிக்காரன் சொன்னதுதான் சரி. திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழாகிவிடும், இங்கே விடிகாலை 2.45-க்கு ஏறினால் சென்னையில் 8.15 என்று போட்டிருப்பார்கள். பார்த்தால் ஐந்தரை மணி நேரம் மாதிரித் தெரியும், ஒன்றரையைக் கழித்தால் நாலு மணி நேரம்தான். இரண்டு நாட்டிலும் கோடைக்கு ஒன்று குளிருக்கு ஒன்று என்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் கிடையாது, அதனால் வருஷம் முழுக்க இந்த ஒன்றரை மணி வித்தியாசம் மாறவே மாறாது.

காட்பாடிக்காரன்

ரொம்ப நன்றி தம்பி. அப்படியானால் 3 மணி 45 நிமிடம் என்பது எங்கிருந்து வந்தது?

தேராவில்_ஒருவன்

அது நேர்க்கோட்டுத் தூரத்தை வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்துச் சொல்வது அண்ணா. 2,930-ஐ மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 3 மணி 15 நிமிடம் வரும், அதோடு அரை மணி. டிக்கெட்டில் இருப்பது அப்படி இல்லை, சென்னையில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும் நேரத்திலிருந்து துபாயில் நிறுத்தி வைக்கும் நேரம் வரைக்கும் கணக்கு. ஓடுபாதைக்குப் போக வரிசை, துபாய்க்கு மேலே இறங்க இடம் கிடைக்கும்வரை சுற்றுவது, இறங்கிய பிறகு டெர்மினலுக்கு ஊர்ந்து போவது எல்லாம் அதில் அடங்கும். துபாயில் இறங்கிய பிறகே பத்துப் பதினைந்து நிமிடம் தரையில் ஓடும், அம்மாவிடம் சொல்லி வையுங்கள், சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து நின்றுவிடப் போகிறார்கள்.

ஆம்பூர்வாசி

நான் ஷூ ஏற்றுமதி கம்பெனியில் இருக்கிறேன், அந்தப் பக்கம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். சார், நாலு மணி பத்து நிமிடத்தை வைத்து அம்மாவுக்குத் தாள் எழுதினால் அது உதவாது. நம் வட ஆற்காட்டு ஆளுக்கு விமானத்தில் உட்காரும் நேரம் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குதான். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குக் கணக்கு போடுங்கள்.

10.00 மணி விமானத்துக்கு 7.00 மணிக்கு மீனம்பாக்கத்தில் உள்ளே இருக்க வேண்டும், வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் என்பது வயதானவர்களுக்குக் கட்டாயம். காட்பாடியிலிருந்து 130 கி.மீ. சொச்சம், நடுவில் ஒரு நிறுத்தம், வழியில் ஏதாவது நெரிசல் எல்லாம் சேர்த்தால் 3.45-க்கு வண்டி கிளம்ப வேண்டும். துபாயில் 12.40-க்கு இறங்கி, இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கிருந்து அல் நஹ்தா கிட்டத்தில்தான், 2.15-க்கு வீடு. நம் கடிகாரத்தில் 3.45. ஆக விடிகாலை 3.45-இலிருந்து மாலை 3.45 வரை, பன்னிரண்டு மணி நேரம். அதற்கு முன்னால் குளித்துக் கிளம்ப மூன்று மணிக்காவது எழுந்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிற ஒருவருக்கு இந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குத்தான் தாள் வேண்டும்.

பாலாறு71

பெங்களூரிலிருந்து அனுப்பலாமே? தூரம் குறைவு. பெங்களூரு–துபாய் 2,700 கி.மீ. தான். எங்கள் வாணியம்பாடியில் பாதிப் பேர் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிதான் போகிறார்கள்.

ஆம்பூர்வாசி

பாய், வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் நீங்கள் சொல்வது சரி. காட்பாடிக்குச் சரிவராது. வானத்தில் 230 கி.மீ. குறைகிறது என்றால் மிச்சம் ஆவது பதினைந்து நிமிடம். தரையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். வாணியம்பாடியிலிருந்து மீனம்பாக்கம் கிட்டத்தட்ட 200 கி.மீ., தேவனஹள்ளி 185 கிட்ட வரும். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று பெங்களூரைத் தெற்கிலிருந்து வடக்கே முழுக்கக் கடக்க வேண்டும், விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறதே. நடு ராத்திரியில் என்றால் பரவாயில்லை, காலை எட்டு மணிக்கு அந்த வழியில் மாட்டினால் எத்தனை மணி நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஆம்பூரிலிருந்து ராத்திரி விமானம் என்றால் பெங்களூரு, பகல் விமானம் என்றால் சென்னை என்று வைத்திருக்கிறேன். காட்பாடியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் 220 கி.மீ. அளவில் வரும், சென்னையைவிட 90 கி.மீ. கூடுதல். அம்மாவை அவ்வளவு தூரம் உட்கார வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கோட்டைவாசல்_டிராவல்ஸ்

நான் வேலூரில் வண்டி ஓட்டுகிறேன், ஏர்போர்ட் டிரிப்தான் அதிகம். பெங்களூரு போவதானால் ஓசூர் வழியாகப் போகாமல் சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே போய் அங்கிருந்து தேவனஹள்ளி ரோட்டில் திரும்பினால் பெங்களூரு ஊருக்குள் நுழையவே வேண்டாம். சித்தூருக்கும் பலமநேருக்கும் நடுவில் மொகிலி காட் இருக்கிறது, ராத்திரியில் லாரிகள் நிறைய, அங்கே மட்டும் நிதானம் வேண்டும். ஹொஸ்கோட்டேவிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வரும் புது எக்ஸ்பிரஸ்வே முழுசாகத் திறந்து விட்டால் நம் ஊருக்கு இரண்டு பக்கமும் நேரம் குறையும்.

சார் கேட்டது சென்னை. காட்பாடியிலிருந்து வேலூருக்குள் வராமல் திருவலம் போய் ராணிப்பேட்டை சிப்காட் வழியாக வாலாஜா பைபாஸ் பிடிப்பது சுலபம். சென்னசமுத்திரம் டோல், காஞ்சிபுரம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலி டோல், பாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். 3.45-க்குக் கிளம்பினால் ஐந்தரைக்கு ஸ்ரீபெரும்புதூர். அந்த நேரத்துக்குத்தான் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்கள் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரிசையாக வரும். அதைத் தாண்டி ஐந்தே முக்காலுக்குள் குன்றத்தூர் ரோட்டில் இறங்கிவிட்டால் பல்லாவரம் வந்து ஏர்போர்ட், பிரச்சினை இல்லை. ஆறரைக்கு மேல் ஆனால் போரூர் பக்கமும் சரி, பல்லாவரம் பக்கமும் சரி, அரை மணி நேரம் கூடிவிடும். வெளிநாட்டு விமானத்துக்கு டெர்மினல் 2, 2023-இல் திறந்த புதுக் கட்டடம். பழைய ஞாபகத்தில் வேறு வாசலில் போய் நிற்காதீர்கள்.

பாலாறு71

தம்பி ஆம்பூர், கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஒரு விஷயம் எப்போதும் மனசை உறுத்தும். சென்னையில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கிளம்பிக் கால் மணி நேரத்தில் கீழே மலையும் ஏரியும் வருகிறதே, அது எங்கே? நம் பக்கம் மாதிரியே தெரியும்.

தேராவில்_ஒருவன்

நம் பக்கம்தான் பாய். சென்னைக்கும் துபாய்க்கும் கோடு போட்டால் திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவில் போகிறது, அப்புறம் பல்லாரி பக்கம், கோவாவுக்குச் சற்று வடக்கே கடல், அரபிக் கடல் முழுக்கத் தாண்டி மஸ்கட் கிட்ட கரை ஏறி துபாய். அன்றன்றைக்குப் பாதை கொஞ்சம் முன்பின் மாறும், மேல்வாரியாக இதுதான். வேலூரிலிருந்து துபாய்க்கு நேர்க்கோடு போட்டால் 2,850 கி.மீ. அளவுதான் வரும். நாம் கிழக்கே 130 கி.மீ. போய் விமானம் ஏறி, அதே தூரத்தை மேலே பத்து நிமிடத்தில் திரும்பக் கடந்து, நம் வீட்டுக்கு வடக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் தாண்டிப் போகிறோம். விடிகாலை மூன்றே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பிய அம்மா, பத்தரை மணி வாக்கில் காட்பாடிக்குப் பக்கத்தில் வானத்தில் இருப்பார்கள்.

கோட்டைவாசல்_டிராவல்ஸ்

சித்தூரும் ஒரு காலத்தில் வட ஆற்காடு ஜில்லாதானே. 1911-இல் பிரிக்கும்வரை ஜில்லாவுக்குத் தலைநகரே சித்தூர்தான், அதற்கு அப்புறம்தான் வேலூருக்கு வந்தது என்று எங்கள் தாத்தா சொல்வார்.

ஆம்பூர்வாசி

அந்த 130 கிலோமீட்டர்தான் நம் ஜில்லாவின் பிரச்சினை. வேலூர் பக்கத்து அப்துல்லாபுரம் ஓடுபாதையைச் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உதான் திட்டத்தில் சேர்த்து வேலை செய்தார்கள், நல்லது, ஆனால் அது பத்தொன்பது சீட் மாதிரிச் சின்ன விமானத்துக்கான குட்டை ஓடுபாதை. அங்கிருந்து நாளைக்கே சென்னைக்கும் பெங்களூருக்கும் பறந்தாலும் துபாய் போகிறவருக்குப் பெரிய பயன் இல்லை, சென்னையில் உள்நாட்டு டெர்மினலில் இறங்கி மறுபடி வெளியே வந்து வெளிநாட்டு டெர்மினலுக்குப் போக வேண்டும். ரேணிகுண்டாவில் இருக்கும் திருப்பதி விமான நிலையமும் அப்படியே. வேலூரிலிருந்து 120 கி.மீ., சென்னைக்குக் கிட்டத்தட்ட அதே தூரம், அங்கிருந்து ஹைதராபாத் போய் மாற வேண்டும். தனியாகப் போகிற, தமிழ் மட்டும் பேசுகிற அம்மாவை நடுவில் இறக்கி மாற்றும் விமானத்தில் அனுப்பவே கூடாது என்பது என் கருத்து. டிக்கெட் ஐயாயிரம் குறைந்தாலும் வேண்டாம்.

பாலாறு71

எங்கள் பெரியப்பா காலத்தில் வாணியம்பாடியிலிருந்து அரக்கோணம் போய் பம்பாய் மெயில் பிடித்து, பம்பாயில் முசாபர்கானாவில் தங்கி, கப்பல் ஏறிப் போனார். வீட்டை விட்டுப் போன கடிதமும் சேர்ந்த கடிதமும் வருவதற்குள் பெரியம்மாவுக்கு உயிரே போய்விடும். இன்றைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் அது பெரிய வரம் தம்பி, குறையாகச் சொல்லாதீர்கள்.

சத்துவாச்சாரி_நர்ஸ்

தம்பி காட்பாடி, நான் ஓய்வு பெற்ற நர்ஸ். இன்சுலின் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். முதலில், எத்தனை யூனிட், எந்த நேரம் என்பதை அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். இங்கே யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அளவை மாற்றாதீர்கள். டாக்டரிடம் போகும்போது டிக்கெட்டையும், ஆம்பூர் தம்பி போட்ட அந்தப் பன்னிரண்டு மணி நேரக் கணக்கையும் கையில் கொண்டு போங்கள். மூன்று மணிக்கு எழுகிறார்கள், வழக்கமாகக் காலை ஊசி எத்தனை மணிக்கு, டிபன் எங்கே, விமானத்தில் சாப்பாடு எப்போது வரும் என்று சொன்னால்தான் அவர் முடிவு செய்ய முடியும். 10.00 மணி விமானம் என்றால் சாப்பாட்டுத் தட்டு கைக்கு வரப் பதினொன்று ஆகிவிடும். வழக்கமாக ஏழரைக்கு ஊசி போட்டு எட்டு மணிக்குச் சாப்பிடுபவர், விமானத்தில் சாப்பாடு தருவார்கள் என்று நம்பி ஊசியை மட்டும் ஏழரைக்குப் போட்டுக்கொண்டால் நடுவில் சர்க்கரை இறங்கிவிடும். நிறையப் பேருக்கு இதுதான் நடக்கிறது. ஊசி என்றால் உடனே சாப்பாடு கையில் இருக்க வேண்டும். இட்லியை வீட்டிலிருந்தே கட்டிக் கொடுங்கள், விமான நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

இரண்டாவது, இன்சுலின் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். சரக்கு அறையில் குளிர் எவ்வளவு இறங்கும் என்று சொல்ல முடியாது, உறைந்துவிட்டால் மருந்து கெட்டது. டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், லெட்டர்ஹெட்டில், பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே பெயரோடு இருக்க வேண்டும். ஊசி, குளுக்கோமீட்டர் எல்லாம் அதே பையில். கூடவே பிஸ்கட், குளுக்கோஸ் மாத்திரை, இரண்டு மிட்டாய். விமானத்தில் சர்க்கரை நோயாளிக்கான சாப்பாடு வேண்டும் என்று டிக்கெட் போட்ட இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடலாம், அன்றைக்குக் கேட்டால் கிடைக்காது. வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா? அங்கே சில மருந்துகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, அவற்றின் பெயரையும் தங்கையிடம் சொல்லி முதலிலேயே சரிபாருங்கள்.

தேராவில்_ஒருவன்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது ரொம்ப முக்கியம். கசகசா கொண்டு வரவே கூடாது. இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு அரைத்த பொடியிலோ, பிரியாணி மசாலாவிலோ, தனிப் பொட்டலமாகவோ, எப்படியும் வேண்டாம். நம் அம்மாக்கள் மகளுக்கு என்று ஆசையாக மசாலா அரைத்துக் கட்டுவார்கள், அதில் ஒரு கைப்பிடி கசகசா சேர்ப்பது அவர்களுக்குச் சாதாரணம். பெட்டி கட்டும்போது நீங்களே ஒவ்வொரு டப்பாவையும் திறந்து கேளுங்கள் அண்ணா. ஆற்காடு மக்கன் பேடா எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்புங்கள், இங்கே ஒரு நாளில் காலியாகும்.

காட்பாடிக்காரன்

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. மசாலா ஏற்கெனவே அரைத்து வெயிலில் காய்கிறது, இப்போதே போய்க் கேட்கிறேன்.

இன்னொரு கேள்வி. பத்து மணி விமானத்துக்குப் பதிலாக விடிகாலை 3.50-க்கு ஒன்று இருக்கிறது, துபாயில் காலை 6.30. ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டில் சாப்பிட்டு ஊசி போட்டுக் கிளம்பிவிடலாம், ரோடு காலி. விலையும் குறைவு. அது நல்லதா? அப்புறம் ஷார்ஜாவுக்கும் சென்னையிலிருந்து நேர் விமானம் இருக்கிறதே, அல் நஹ்தா ஷார்ஜா எல்லையில்தான் இருக்கிறது என்கிறாள் தங்கை.

தேராவில்_ஒருவன்

ஷார்ஜா நல்ல யோசனைதான் அண்ணா. விமான நிலையம் சின்னது, நடை குறைவு, வயதானவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வார நாளில் காலையில் ஷார்ஜாவிலிருந்து துபாய் பக்கம் வரும் ரோடு முழுக்க வேலைக்குப் போகிற வண்டிகள், பதினைந்து நிமிட தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். மதியம் இறங்குவதானால் பிரச்சினை இல்லை. அபுதாபி டிக்கெட் விலை குறைவாகக் காட்டினால் எடுத்துவிடாதீர்கள், அங்கிருந்து துபாய் வருவது வேலூர்–சென்னை மாதிரி இன்னொரு 130 கி.மீ.

பழைய_வானிலை

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஆற்காடு, வானிலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமான நேரம் பற்றிப் பேசுகிறீர்கள், காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன், அதோடு தேதி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்.

இரண்டு ஊருக்கும் தூரம் மாறாது, நேரம் மாறும். காற்று எதிர்த்து வீசினால் சைக்கிள் மிதிப்பவருக்கு எப்படியோ அப்படித்தான் விமானத்துக்கும். 900 கி.மீ. வேகத்தில் போகிற விமானத்துக்கு எதிரே 60 கி.மீ. காற்று இருந்தால் தரைக் கணக்கில் அது 840-தான் போகும், 2,930 கிலோமீட்டருக்கு 3 மணி 29 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 3 நிமிடம். குளிர்காலத்தில் அரேபியா, வட இந்தியா அட்சரேகைகளுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து பலமான காற்று ஓடும். ஆகவே ஜனவரியில் துபாய்க்குப் போகும்போது பிற்பாதி எதிர்காற்று, வரும்போது முற்பாதி தள்ளுகாற்று, வருகை நேரம் குறையும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே கதை மாறும். தரையில் மேற்குக் காற்று அடிக்கும்போதே, மேலே 14, 15 கி.மீ. உயரத்தை மையமாக வைத்துக் கிழக்கிலிருந்து ஒரு வேகக்காற்று ஓடுகிறது. அது பலமாக ஓடுவது ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையில்தான். இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் நம் வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம், 1958-இல் வந்த அவருடைய கட்டுரை இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. விமானம் அந்த உயரத்துக்குச் சற்றுக் கீழே பறந்தாலும் அதன் பலன் கிடைக்கும், ஜூலையில் துபாய் போகிறவருக்கு முற்பாதி தள்ளுகாற்று. கம்பெனிகள் இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் அட்டவணை போடுகிறார்கள், அதனால் அம்மாவுக்கு நேரம் எழுதும்போது நீங்கள் இதைத் தனியாகச் சேர்க்க வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். பொங்கலுக்கு என்று எழுதியிருந்தீர்கள். தேதி எது? போகி அன்று காலையா?

காட்பாடிக்காரன்

ஆமாம் ஐயா, போகி அன்று காலை 10.00. பொங்கலுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தால் மறுநாள் தங்கை வீட்டில் பொங்கல் வைக்கலாம் என்று நினைத்தோம். ஏன்?

பழைய_வானிலை

மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். போகி விடிகாலையில் சென்னை முழுக்கப் பழையதைக் கொளுத்துகிறார்கள். மார்கழிக் கடைசி, தரையோடு குளிர்ந்த காற்று தேங்கி நிற்கும், மேலே சூடான அடுக்கு மூடியிருக்கும், புகை மேலே போக வழி இல்லாமல் பனியோடு கலந்து அப்படியே நிற்கும். ஓடுபாதையில் பார்வைத் தூரம் சில நூறு மீட்டருக்கு இறங்கிவிடும். 2018 போகியன்று சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்து ஊர்களுக்குத் திருப்பி விட்டார்கள், புறப்பாடுகளும் மணிக்கணக்கில் தள்ளிப்போயின. எல்லா வருஷமும் அந்த அளவுக்கு ஆகாது, காற்று கொஞ்சம் வீசினால் தப்பிக்கலாம். ஆனால் பத்து மணி விமானத்துக்கு வர வேண்டிய வண்டி காலையில் துபாயிலிருந்து வந்து இறங்க வேண்டும், அது பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போய்விட்டால் அம்மா எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்? இன்சுலின் போட்டுக்கொள்பவர். அதோடு வாலாஜாவிலிருந்து காஞ்சிபுரம் வரை ரோட்டிலும் பனியும் புகையும் இருக்கும், 3.45-க்குக் கிளம்பினால் வண்டி மெதுவாகத்தான் போக முடியும்.

அந்த 3.50 விடிகாலை விமானத்தையும் ஜனவரியில் நான் எடுக்க மாட்டேன். குளிர்காலத்தில் துபாய், அபுதாபி பக்கம் விடியும் நேரத்தில் மூடுபனி பிடிக்கும், 6.30-க்கு இறங்குவது அந்த நேரம்தான். பகல் 12.40-க்குள் வெயில் ஏறி அது விலகிவிடும். உங்கள் பத்து மணி விமானத்தில் நேரம் சரியாகத்தான் இருக்கிறது, நாள் மட்டும் மாற வேண்டும்.

கோட்டைவாசல்_டிராவல்ஸ்

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. போகியன்று விடிகாலையில் தாமல் ஏரி பக்கம் முன்னால் போகிற லாரியின் பின் விளக்குகூடத் தெரியாது. அன்றைக்கு நான் அரை மணி, முக்கால் மணி முன்னாலேயே கிளம்பச் சொல்வேன். அதோடு முந்தின நாளிலிருந்தே சென்னையை விட்டு ஊருக்குப் போகிற கூட்டம், டோலில் எதிர்ப்பக்கம் அடைத்து நிற்கும், நம் பக்கம் காலியாக இருந்தாலும் அங்கங்கே எதிர்த் திசையில் பைக் வரும்.

சத்துவாச்சாரி_நர்ஸ்

ராத்திரி விமானம் வேண்டாம் என்பதற்கு நான் இன்னொரு காரணமும் சொல்வேன். ஒன்பதரைக்கு ஊசி போட்டுச் சாப்பிட்டுக் கிளம்பி, விடிய விடியத் தூங்காமல், நடுவில் விமானத்தில் எந்த நேரத்தில் என்ன கொடுப்பார்கள் என்று தெரியாமல், காலை ஊசி நம் நேரமா துபாய் நேரமா என்று குழம்பி நிற்பார்கள். பகல் விமானத்தில் அந்தக் குழப்பம் இல்லை. காலை ஊசி சென்னையிலேயே முடிந்துவிடும், ராத்திரி ஊசி மகள் வீட்டில் மகள் கண் முன்னால். நம் ஏழரை மணி அங்கே ஆறு மணி, ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்று டாக்டர் சொல்லிவிடுவார். அம்மாவின் கைக்கடிகாரத்தை விமானத்தில் மாற்ற வேண்டாம், நம் நேரத்திலேயே இருக்கட்டும், வீட்டுக்குப் போனதும் மகள் மாற்றிக் கொடுக்கட்டும். தாளிலும் எல்லாவற்றையும் இந்திய நேரத்திலேயே எழுதுங்கள்.

காட்பாடிக்காரன்

இப்போதுதான் தங்கையிடம் பேசினேன். போகி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். கட்டணம் கட்டினால் தேதி மாற்றலாம் என்கிறார்கள், மூன்று நாள் முன்னதாக அதே பத்து மணி விமானம் கிடைக்கிறது. அம்மாவுக்கு இன்னும் மூன்று நாள் கூடுதலாகப் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம் என்று சந்தோஷம்தான். மசாலாவில் கசகசா இருந்தது தம்பி, அம்மாவே வாயால் சொன்னார்கள். அதை இங்கேயே வைத்துவிட்டு வேறு அரைக்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் யாருக்கும் தோன்றியிருக்காது.

கடைசியாக ஒன்று. சக்கர நாற்காலி கேட்கலாமா? அம்மா நடப்பார்கள், ஆனால் முட்டி வலி உண்டு. "நான் என்ன நோயாளியா" என்று மறுக்கிறார்கள்.

தேராவில்_ஒருவன்

கண்டிப்பாகக் கேளுங்கள் அண்ணா. துபாயில் இறங்கும் இடத்திலிருந்து இமிக்ரேஷன் வரைக்கும் நடை ரொம்ப நீளம், டெர்மினல் 3 என்றால் நடுவில் ரயில்கூட ஏற வேண்டி வரலாம். சக்கர நாற்காலி கேட்டால் கூடவே ஓர் ஆள் வருவார், வரிசையில் வழி காட்டுவார், பெட்டியை எடுத்துக் கொடுத்து வெளியே தங்கை நிற்கும் இடம் வரை கொண்டு விடுவார். மொழி தெரியாமல் தனியாக வருகிற அம்மாவுக்கு நாற்காலியைவிட அந்த ஆள்தான் முக்கியம். அப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள். இரண்டு நாள் முன்னாலேயே கம்பெனியில் பதிவு செய்துவிடுங்கள், திரும்பி வரும் டிக்கெட்டிலும் சேர்த்தே.

கோட்டைவாசல்_டிராவல்ஸ்

திரும்பி வரும்போது 8.15-க்கு இறங்கினால் வெளியே வர ஒன்பதரை ஆகும். மெட்ரோவில் சென்ட்ரல் போய் காட்பாடிக்கு ரயில் பிடிக்கலாம், தனியாள் என்றால் நானே அதைத்தான் சொல்வேன், பெட்டியும் முட்டி வலியும் இருப்பவருக்கு வேண்டாம், வண்டி வையுங்கள். அந்த நேரத்தில் ஊரை விட்டு வெளியே வருகிற பக்கம் நெரிசல் குறைவு, பன்னிரண்டரைக்குள் காட்பாடி. வண்டி யாருடையதாக இருந்தாலும் டிரைவர் நம்பரை அம்மாவின் தாளில் எழுதிக் கொடுங்கள், துபாயில் வாங்கிய சிம் இங்கே இறங்கியதும் வேலை செய்யாமல் போகலாம்.